வேலை வாங்கும்போது கூலியாள், வெளியே தள்ளும்போது மாணவியா?

சென்ற மாதம் மில் கேட்டில் நடந்த கூட்டம் முடிந்து கலைகிற நேரத்தில் ஒரு தோழர் நம்மைக் கேட்டார்: “நர்ஸ் மேல்படிப்புப் படித்த ஒரு பெண்ணைக் காலேஜிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்றால் அதற்கு நாம் எதற்கு நோட்டீஸ் போட வேண்டும்? நம்முடைய பஞ்சப்படி பாக்கி கிடக்கிறது. போனஸ் பேச்சு அந்தரத்தில் நிற்கிறது. பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் பாட்டை அவர்கள் பார்த்துக் கொள்ள மாட்டார்களா?”

கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. இருபது வருஷமாகச் சங்கச் சந்தாவில் ஒரு மாதம் பாக்கி வைக்காதவர். அவர் வாய்விட்டுக் கேட்டதைப் பலர் மனதுக்குள் கேட்டிருப்பார்கள். ஆகவே பகிரங்கமாகவே பதில் சொல்வோம்.

யார் அந்தப் பெண்? ரிங் பிரேமில் முப்பது வருஷம் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுபோன ஒரு தொழிலாளியின் மகள். தாய் களையெடுப்புக்கும் மஞ்சள் வெட்டுக்கும் போகிறவர். வீட்டில் இருந்த நகை கூட்டுறவு பாங்கில் ஏறியது, போதாததற்கு வட்டிக்கு வாங்கியது, இவற்றால்தான் நாலு வருஷம் பி.எஸ்ஸி. நர்ஸிங் முடிந்தது. நம் வீட்டுப் பெண் என்பதால் ‘அவள்’ என்றே எழுதுகிறோம். இரண்டு வருஷம் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து அந்தக் கடனில் பாதியை அடைத்தாள். பிறகு, நர்ஸுகளுக்குப் பாடம் சொல்லித் தரும் ஆசிரியை ஆகலாம் என்ற ஆசையில் எம்.எஸ்ஸி. சேர்ந்தாள். அது இரண்டு வருஷப் படிப்பு. முதல் வருஷம் தேறிவிட்டாள். இரண்டாவது வருஷத்தில் வந்தது வினை.

கல்லூரிக்குச் சொந்தமான ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு வேலை பார்த்த நர்ஸுகள் பலர் சம்பளம் கட்டுபடியாகாமல் நின்றுவிட்டார்கள். அந்த இடங்களுக்கு நிர்வாகம் ஆள் எடுக்கவில்லை. எதற்கு எடுக்க வேண்டும்? மாணவிகள்தான் இருக்கிறார்களே! ‘கிளினிக்கல் போஸ்டிங்’ என்று பெயர் சூட்டி அவர்களை நைட் டூட்டியில் நிறுத்தினார்கள். சொல்லிக்கொடுக்க ஆசிரியை ஒருவரும் கூட இல்லை. முப்பது படுக்கைக்கு ஒரு மாணவி. தொடர்ந்து ஏழு ராத்திரி. ஆறாவது ராத்திரி, இரண்டு மணிக்கு ஒரு நோயாளிக்குப் போட வேண்டிய ஊசியை நாலு மணிக்குப் போட்டாள். அந்த இரண்டு மணி நேரமும் மூச்சுத் திணறிய இன்னொரு நோயாளியின் பக்கத்தில் நின்றிருந்தாள். இருவரும் பிழைத்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். ஊசி தாமதமானதை அவளே கேஸ் ஷீட்டில் எழுதி வைத்தாள். ராத்திரிக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதி, கூடப் படிக்கும் நாலு பேரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தாள்.

இதில் எது குற்றம் என்று மில் தொழிலாளிக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஊசி அல்ல, அந்த நாலு கையெழுத்துத்தான்!

நாலு நாள் கழித்து ஒரு மாலையில் தகப்பனாரை வரவழைத்தார்கள். அவர் ஷிப்டை விட்டுவிட்டு, பஞ்சு ஒட்டிய சட்டையோடு போய் நின்றார். “உங்கள் பெண் கல்வித் தரத்தில் குறைவு, நோயாளிக்கு ஆபத்து. நாங்களாக நீக்கினால் எதிர்காலம் பாழாகும். ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்று எழுதிக் கொடுத்தால் கௌரவமாகப் போகலாம்” என்றார்கள். அந்த மனிதர் கை கூப்பினார். “அம்மா, எம்புள்ள தெரியாமச் செஞ்சிருச்சுங்க, ஒருக்கா மன்னிச்சு விட்டுருங்க” என்றார். தன் மகள் தப்புச் செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியாது. சொல்ல அவளை விடவில்லை. அவள் எழுதிக் கொடுத்தாள். எழுதி முடித்த மறு நிமிஷம் இன்னொரு காகிதம் நீட்டப்பட்டது: மீதிக் கல்விக் கட்டணம் முழுவதையும் கட்டினால்தான் பழைய சர்டிபிகேட்டுகள் திரும்பக் கிடைக்கும்!

கௌரவமாகப் போவது என்பது இதுதான் போலும்.

‘பயிற்சி’ என்னும் மந்திரச் சொல்

தோழர்களே, நம் மில்களில் ஒரு தொழிலாளியை டிஸ்மிஸ் செய்வதற்கு என்னென்ன நடக்க வேண்டும்? சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும். பதில் எழுத அவகாசம் தர வேண்டும். உள்விசாரணை நடத்த வேண்டும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாம். நிர்வாகம் இதைப் பெருந்தன்மையால் தந்ததா? 1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டமும் 1947-ம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டமும் போராட்டங்களின் நெருப்பில் வந்தவை. 1971-ல் சேர்த்த 11-ஏ பிரிவோ, குற்றத்துக்கு மிஞ்சிய தண்டனை என்று கண்டால் டிஸ்மிஸை ரத்து செய்து வேலையில் அமர்த்தத் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்தது. (இந்தப் பழைய சட்டங்களை ஒதுக்கிவிட்டு 2025 நவம்பர் 21-ல் அமலாக்கிய புதிய தொகுப்பில், நிலையாணை கட்டாயமாவதற்கான ஆள் எண்ணிக்கை 100-லிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டிருப்பதை நாம் மறந்துவிடவில்லை. அதைத் தனியே எழுதுவோம்.)

ஆனால் அந்தப் பெண்ணுக்குச் சார்ஜ் ஷீட் இல்லை, விசாரணை இல்லை, சாட்சி இல்லை. ஏன்? அவள் தொழிலாளி அல்லவாம், மாணவியாம்! முப்பது படுக்கைக்குத் தனியாகக் காவல் நின்ற ராத்திரி அவள் யார்? சம்பளம் கொடுத்து வைக்க வேண்டிய நர்ஸின் இடத்தில் சம்பளமில்லாமல், எதிர்மாறாகக் கட்டணமும் கட்டிக்கொண்டு நின்றவள் யார்?

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதா? ‘சுமங்கலித் திட்டம்’ என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, கிராமத்துப் பெண்களை மூன்று வருஷப் ‘பயிற்சி’க்கு என்று நூற்பாலைகளில் கொண்டுவந்து அடைத்தார்களே! முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாக ஆசை காட்டிவிட்டு, கெடு முடிவதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பினார்களே! அங்கும் கேட்டால் ‘தொழிலாளி அல்ல, அப்ரண்டிஸ்’ என்றுதான் பதில் வந்தது. 1961-ம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டமே, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சியாளர், தொழிலாளி அல்ல என்று எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பெண்கள் ரிங் பிரேமில் ஓட்டியதும் இவள் வார்டில் ஓடியதும் ஒரே ஓட்டம்தான். இன்னமும் ‘நமக்கென்ன’ என்று கேட்கலாமா?

டாக்டர் மேல்படிப்பும் இதற்கு விலக்கல்ல. எம்.டி., எம்.எஸ். படிக்கிற ஜூனியர் டாக்டர்கள்தான் இந்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளை இரவும் பகலும் தாங்குகிறார்கள். தொடர்ந்தாற்போல் 12 மணி நேரத்துக்கு மேல் டூட்டி கூடாது, வாரத்துக்கு 48 மணி என்று மத்திய சர்க்காரின் 1992-ம் வருஷத்து உத்தரவு சொல்லிற்று. அது காகிதத்தில் தூங்கிற்று, டாக்டர்கள் தூங்கவில்லை. 2023-ல் தேசிய மருத்துவ ஆணையம் புது விதி எழுதியது. அதில் மணிக்கணக்கே கிடையாது. ‘நியாயமான வேலை நேரம்’, ‘நியாயமான ஓய்வு’ என்று மட்டும் எழுதிவிட்டார்கள். யாருக்கு நியாயம்? 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய காலத்தில் பின்னி மில் துரைமார்களும் சாப்பாட்டுக்கு விட்ட நேரம் நியாயமானது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

2024-ல் அந்த ஆணையமே அமைத்த குழு வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று சிபாரிசு செய்தது. 48 மணி என்று இருந்த இடத்தில் 74 மணி ஒரு சலுகையாக வந்து நிற்கிறது. ஆணையத்தின் ஐந்தாண்டுக் கணக்குப்படி 1,117 பேர் மேல்படிப்பை நடுவில் விட்டுப் போனார்கள். 58 மேல்படிப்பு மாணவர்களும் 64 எம்.பி.பி.எஸ். மாணவர்களும் தற்கொலை செய்துகொண்டார்கள். விட்டுப் போக நினைப்பவர்களைத் தடுக்க, பல ராஜ்யங்களில் லட்சக்கணக்கில் அபராதப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். அதை எடுத்துவிடுங்கள் என்று ஆணையமே 2024 ஜனவரியில் எழுத வேண்டியிருந்தது. உள்ளே இருந்தால் பிழிவது, வெளியே போனால் அபராதம், வாய் திறந்தால் நீக்கம்!

வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்தியப் பிரதேசத்தைப் பாருங்கள். 2021 மே 31-ல், கொரோனாவின் இரண்டாவது அலையில், அங்கே ஜூனியர் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். உதவித் தொகையை உயர்த்து, தொற்று வந்தால் எங்களுக்கும் குடும்பத்துக்கும் இலவச சிகிச்சை கொடு என்பவை அவர்களுடைய கோரிக்கைகள். ஜூன் 3-ல் உயர்நீதிமன்றம் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்றது. உடனே நானூறுக்கு மேற்பட்ட மூன்றாம் வருஷத்து மேல்படிப்பு டாக்டர்களின் பல்கலைக்கழகப் பதிவு ரத்து செய்யப்பட்டது! கவனியுங்கள். வேலைநிறுத்தம் என்பது வேலையைப் பற்றிய விஷயம். தண்டனையோ படிப்பின் மேல் விழுந்தது. வேலைக்காரன் கையை ஓங்கினால் மாணவனின் கழுத்தில் வெட்டு! அதற்குப் பதிலாகச் சுமார் 3,000 பேர் ஒன்றாக ராஜிநாமாக் கடிதம் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் பேச்சு வார்த்தை நடந்தது.

இந்த வேஷத்தைப் பூரணமாகப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1975-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, பள்ளிப் பிள்ளையைப் பத்து நாள் வரை சஸ்பெண்டு செய்வதானால்கூட என்ன குற்றம் என்று சொல்லி அவன் பதிலைக் கேட்க வேண்டும் என்றது. 1978-ல் மிஸ்ஸூரியில் இறுதி வருஷத்தில் நீக்கப்பட்ட ஒரு மருத்துவ மாணவியின் வழக்கு அதே கோர்ட்டுக்கு வந்தது. ‘கல்வித் தரக் குறைவு’ என்று நீக்கினால் விசாரணை தேவையில்லை என்றது கோர்ட்டு! அந்த மாணவியைச் சில டாக்டர்கள் பரிசோதித்து அறிக்கை கொடுத்திருந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் நிர்வாகங்கள் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையை. ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்றால் விசாரணை. ‘கல்வித் தரம்’ என்றால் கேள்வி முறை இல்லை. எந்த லேபிளை ஒட்டுவார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம். நம்மூர்ப் பிரின்ஸிபாலுக்கும் அந்த லேபிள் தெரிந்திருக்கிறது.

பயிற்சி டாக்டர்கள் சங்கம் வைக்க முயன்றபோது 1976-ல் அங்குள்ள தொழிலாளர் உறவு வாரியம், இவர்கள் மாணவர்கள் என்று கதவைச் சாத்தியது. அந்தத் தீர்ப்பை மாற்றி, இவர்கள் தொழிலாளர்களே என்று ஒப்புக்கொள்ள 1999 வரை, இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று. இதில் ஒரு வேடிக்கை. சமூகக் காப்புக்கான சம்பள வரி விவகாரம் 2011-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, முழு நேரம் வேலை செய்கிற இவர்களை மாணவர்கள் என்று கருத முடியாது, வரி கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. வரி வாங்கும்போது தொழிலாளி, வெளியே தள்ளும்போது மாணவன்!

நோயாளியின் பெயரால்

இங்கே ஒரு நியாயமான கேள்வி உண்டு. அதைத் தட்டிக் கழிக்க மாட்டோம். “தரமில்லாதவர் கையில் எங்கள் உயிரை ஒப்படைப்பதா? சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஏழைகளாகிய நாங்கள்தானே?” என்று கேட்கலாம். சரியான கேள்வி. நோயாளியை அலட்சியப்படுத்துகிறவர், கற்றுக்கொடுத்தும் கற்காதவர், பொய்யாக கேஸ் ஷீட் எழுதுகிறவர், இவர்களை நிறுத்தத்தான் வேண்டும். நம் சங்கத்தில் இருக்கிறார் என்பதற்காக மெஷினில் பிறர் கை போகும்படி நடப்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்குவோமா?

ஆனால் தவறு யாருடையது என்று கண்டுபிடிக்க விசாரணை வேண்டாமா? விசாரணை நடந்திருந்தால் முதலில் வந்திருக்கும் கேள்வி, முப்பது படுக்கைக்கு ஏன் ஒருத்தி என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் விசாரணையே நடக்கவில்லை. நியூயார்க்கில் 1984-ல் 18 வயதுப் பெண் ஒருத்தி ஆஸ்பத்திரியில் சேர்த்த சில மணி நேரத்தில் இறந்துபோனாள். ஓய்வில்லாமல் பல நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த பயிற்சி டாக்டர்களின் பொறுப்பில் அவள் இருந்தாள். அவள் தகப்பனார் ஓயாமல் நடத்திய போராட்டத்தால்தான் அந்த ராஜ்யத்தில் 1989-ல் வாரத்துக்கு 80 மணி, ஒரே மூச்சில் 24 மணி என்று வரம்பு வந்தது. நோயாளியின் தகப்பனே பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்தைக் குறைக்கப் போராடினார்! தூக்கமில்லாத கை நம் பிள்ளைக்கு ஊசி போடுவதில் நமக்கு என்ன லாபம்?

இனி நம் வீட்டுக்குள் வருவோம். இதை எழுதச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம்.

அந்தப் பெண் ஊர் திரும்பி நாற்பது நாள் வரை நமக்குச் சேதி தெரியாது. பக்கத்து வீட்டில் ‘லீவு’ என்று சொல்லியிருந்தார்கள். தகப்பனார் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். “மானம் போச்சு, ஊர் முகத்துல எப்படி முழிக்கறது” என்று தாயிடம் மட்டும் சொல்வார். அவள் சாப்பிடவில்லை, வெளியே வரவில்லை. ஒரு ராத்திரி விழித்துக்கொண்ட தாய், மகள் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறார். மறுநாள் காலையில் களைக்குப் போகாமல் நேரே சங்க ஆபீசுக்கு வந்தது அந்தத் தாய்தான். “தோழரு, இது உங்க சங்கத்துக் காரியமான்னு தெரியலீங்க. எம்புள்ளய ஒருக்கா வந்து பாருங்க” என்றார். தகப்பனார் முப்பது வருஷ மெம்பர். அவருக்குத் தோன்றவில்லை!

அவரை நாம் ஒன்று கேட்டோம். “லாக்-அவுட்டின்போது உங்களை நிர்வாகம் வெளியே நிறுத்தியதே, அப்போது மானம் யாருக்குப் போயிற்று, உங்களுக்கா மில்லுக்கா?” அவர் பதில் சொல்லவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் இருந்த அறைக்குள் போனார்.

‘மனதைத் திடப்படுத்திக்கொள், தியானம் செய், இன்னொரு கதவு திறக்கும்’ என்று உபதேசிக்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். நாமும் மனதைக் கவனிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கமும் சாப்பாடும் போய், சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்தப் பிள்ளையை ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். 14416 என்ற சர்க்கார் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். 104-க்கும் பேசலாம். டாக்டரிடம் கூட்டிப் போவதில் வெட்கமில்லை. காலில் ஆணி ஏறினால் ஊசி போடுகிறோம் அல்லவா? ஆனால் ஆணியை அங்கேயே விட்டுவிட்டுக் காலுக்கு மட்டும் மருந்து தடவச் சொல்கிறவர்களோடுதான் நமக்குச் சண்டை.

ஆணியைப் பிடுங்கும் வழி இது. ‘நானே விலகுகிறேன்’ என்று எந்தப் பிள்ளையும் அந்த அறையில் உட்கார்ந்து எழுதக் கூடாது, பெற்றவர்களும் எழுதச் சொல்லக் கூடாது. ‘வீட்டில் கலந்து நாளை பதில் சொல்கிறேன்’ என்று எழுந்து வர வேண்டும். எழுதிவிட்டாலும் உலகம் மூழ்கிவிடாது, கட்டாயத்தால் எழுதியது என்று உடனே ரிஜிஸ்தர் தபாலில் மறுப்பு அனுப்ப வேண்டும். நீக்கிய காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். டூட்டி சார்ட்டு, மார்க்கு, விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்க வேண்டும். மாணவனுக்கும் செவி கொடுக்காமல் தண்டிக்கக் கூடாது என்று நம் நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 1962-லேயே உத்தரப் பிரதேசத்துப் பரீட்சை வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. சர்டிபிகேட்டுகளைப் பிணையாகப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் அறிவிக்கை போட்டிருக்கிறது. சர்டிபிகேட்டு விற்பனைச் சரக்கல்ல என்று சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பேரம் பேசவே தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாலு கையெழுத்துக்காரிகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். நாமும் அதைத்தான் செய்தோம். மூன்று பேர் பயந்து பேச மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம், அவர்கள் வீட்டிலும் கடன் இருக்கிறது. நாலாவது பெண், ஒரு கட்டட மேஸ்திரியின் மகள், டூட்டி சார்ட்டின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதன் பிறகுதான் மறுப்புக் கடிதமும் நோட்டீஸும் போயின. பத்தொன்பதாம் நாள் பழைய சர்டிபிகேட்டுகள் ஒரு பைசா கட்டாமல் திரும்பி வந்தன. படிப்பு இன்னும் திரும்பவில்லை. பல்கலைக்கழகத்துக்கு மேல்முறையீடு போயிருக்கிறது, அவளை நேரில் கேட்பதற்குத் தேதியும் கொடுத்திருக்கிறார்கள். தகப்பனார் அன்றைக்கு ஷிப்டு மாற்றிக் கேட்டிருக்கிறார். கூடப் போவதற்குக் கேட்டிலிருந்து பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் முதல் பெயர், கூட்டம் முடிந்து நம்மைக் கேள்வி கேட்ட அந்தத் தோழருடையது.